நாமே செய்து மாட்டும் குமிழ், கொக்கி, விளக்குக் கூடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் நாள் முழுக்க நம் கை எதிலெல்லாம் படுகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். இழுப்பறைக் குமிழ், கதவுக்குப் பின்னால் இருக்கும் கொக்கி, துண்டு போடும் கம்பி, திரைச்சீலை. கை அதிகம் படும் இந்தப் பொருள்கள்தான் எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி இருக்கின்றன. இவற்றை நானே செய்து மாட்ட ஆரம்பித்துப் பல வருடம் ஆகிறது. வந்து பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், செய்து பார்த்துக் கற்றுக்கொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எதிலிருந்து தொடங்கலாம்?

இழுப்பறைக் குமிழிலிருந்து. ஒரே ஒரு ஸ்க்ரூவில் நிற்கிற பொருள் அது. மின்சாரம் கிடையாது, தலைக்கு மேல் தொங்குவதும் இல்லை. பிடிக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் பழையதையே மாட்டிவிடலாம். எத்தனை இழுப்பறை இருந்தாலும் முதலில் ஒன்றை மட்டும் செய்து மாட்டி, ஒரு வாரம் இழுத்து மூடிப் பாருங்கள். கண்ணுக்கு அழகாக இருப்பது கைக்கு உறுத்தலாம். கூரான கல்லில் செய்த என் முதல் குமிழ் அப்படித்தான் கழற்றி வைக்கப்பட்டது.

எதையெல்லாம் நாமே செய்யலாம்? எதில் கை வைக்கக் கூடாது?

நான் விடாமல் கடைப்பிடிக்கும் விதி இது: கை தொடுவதையும் கண் பார்ப்பதையும் நீங்கள் செய்யுங்கள்; எடை தாங்குவதையும், மின்சாரமோ தண்ணீரோ ஓடுவதையும் தயாராக வாங்குங்கள். குமிழ் உங்களுடையது, அதற்குள் இருக்கும் ஸ்க்ரூ வாங்கியது. விளக்குக் கூடு உங்களுடையது, உள்ளே இருக்கும் ஹோல்டரும் ஒயரும் வாங்கியவை. கொக்கி உங்களுடையது, சுவர்த் துளைக்குள் இருந்து அதன் ஸ்க்ரூவைப் பிடித்திருக்கும் பிளக் வாங்கியது.

தண்ணீர்க் குழாயின் உடலை வீட்டில் செய்ய முயல வேண்டாம். அழுத்தம் தாங்க வேண்டும், குடிக்கிற தண்ணீரில் எந்த உலோகமும் கரையக் கூடாது; இரண்டையும் நம்மால் சோதித்துப் பார்க்க முடியாது. சுவிட்ச் தகடும் அப்படியே. தகட்டைச் சுற்றிச் சுவரில் மரச்சட்டமோ ஓட்டுச் சில்லுகளால் ஒரு கரையோ பதிக்கலாம். தகட்டையே மரத்திலோ துணியிலோ செய்ய வேண்டாம். உள்ளே ஒரு ஒயர் தளர்ந்து சூடேறினால் முதலில் பற்றுவது அதுதான்.

மரக்கிளையில் குமிழ் செய்வது எப்படி?

காய்ந்த கிளை வேண்டும். பச்சைக் கிளையை வெட்டிச் செய்தால் ஒரு மாதத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை விரிசல் விழும். மரம் காயும்போது வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்கும் அளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த இழுபறிதான் விரிசலாகிறது. ஆகவே கிளையை நீளமாகவே வெட்டி, இரண்டு முனையிலும் மெழுகு தடவி, நிழலில் சில மாதம் கிடத்திவிட்டுப் பிறகு துண்டு போடுங்கள்.

மூன்று சென்டிமீட்டர் குறுக்களவுள்ள துண்டு கைக்கு அடக்கமாக இருக்கும். பின்பக்கம் நடுவில் துளை போட்டு, எம்4 அளவு (4 மில்லிமீட்டர் குறுக்களவு) மரை உள்ள பித்தளைச் செருகு நட்டை இபாக்ஸிப் பசை தடவி இறக்குங்கள். பெரும்பாலான இழுப்பறைக் குமிழ்களுக்கு எம்4 ஸ்க்ரூதான். நேராக மரத்திலேயே ஸ்க்ரூவை முறுக்கினாலும் பிடிக்கும், ஆனால் கிளையின் குறுக்கு வெட்டு முகத்தில் மரை நிலைக்காது. நாலைந்து முறை கழற்றி மாட்டினால் தளர்ந்துவிடும். இபாக்ஸி காய ஒரு முழு நாள் விடுங்கள். பட்டையை உரிப்பதா விடுவதா என்றால், நான் உரித்துவிடுவேன். கை படப்பட எப்படியும் உதிரத்தான் போகிறது.

கடைசியாக உப்புத்தாள். முதலில் 120, பிறகு 240, முடிவில் 400; எண் கூடக் கூடத் தாள் நைசாகும். கடைசித் தாளுக்கு முன் குமிழை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும், விரலால் தடவினால் பூனை நாக்கு மாதிரி இருக்கும். அவற்றை 400 தாளால் எடுத்துவிட்டால் பிறகு எத்தனை ஈரக்கை பட்டாலும் சொரசொரப்பு திரும்பி வராது.

கூழாங்கல்லில் துளை போட முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். வைரத்தூள் முனை பிட், குறைந்த வேகம், சுத்தியல் போல் அடிக்கும் நிலை டிரில்லில் அணைந்திருக்க வேண்டும். ஒரு தட்டில் களிமண்ணில் கல்லைப் பதித்து, கல் மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, அதற்குள் பிட்டை இறக்குங்கள். தண்ணீர் பிட்டைக் குளிர வைக்கும், கல்தூள் பறக்காமலும் பார்த்துக்கொள்ளும். அந்தத் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் பக்கத்தில் வேலை செய்வதால் பேட்டரி டிரில்தான் பயன்படுத்த வேண்டும், பிளக்கில் செருகியது கூடாது.

துளை போடாமல் கல்லை ஸ்க்ரூ தலையில் ஒட்டி முடித்துவிடலாமா என்று கேட்பார்கள். தினமும் இழுக்கிற இழுப்பு, ஒட்டைப் பிய்க்கிற அதே திசையில் இருக்கிறது. எந்தப் பசையும் அந்தத் திசையில்தான் சீக்கிரம் தோற்கும்.

பழைய கைப்பிடியில் இரண்டு துளை இருக்கிறது. புதியது பொருந்தவில்லையே?

தயாராக வரும் கைப்பிடிகளில் துளைகளுக்கு நடுவே உள்ள தூரம் பெரும்பாலும் 32 மில்லிமீட்டரின் மடங்காக இருக்கும்: 96, 128, 160 என்று. அந்த அளவிலேயே செய்தால் துளை மாற்ற வேண்டாம். ஒற்றைக் குமிழ்தான் வேண்டும் என்றால், இரண்டு துளையையும் மறைக்கிற அளவு தோல் பட்டையையோ மெல்லிய மரத்தகட்டையோ குமிழுக்கு அடியில் வையுங்கள். தனியே அதுவும் ஓர் அழகு.

மாட்டிய குமிழ் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இழுப்பறைக்கும் குமிழுக்கும் நடுவில் தோலில் வெட்டிய ஒரு சின்ன வளையம் வையுங்கள். உள்பக்கம் ஸ்பிரிங் வாஷர். தீர்ந்தது.

காகிதத்திலும் துணியிலும் விளக்குக் கூடு செய்தால் தீப்பிடிக்காதா?

அதிகம் பேர் கேட்பது இதுதான், கேட்கவும் வேண்டும். பதில் பல்பைப் பொறுத்தது. பழைய 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சம் சுமார் 800 லூமென். அது இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே வெளியே போகிறது, கண்ணாடியின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதே வெளிச்சத்தை எல்இடி பல்பு 8 முதல் 10 வாட்டில் தந்துவிடும். ஆகவே கையால் செய்த கூட்டுக்குள் எல்இடி மட்டுமே. குண்டு பல்பும் ஹாலஜனும் ஒருபோதும் வேண்டாம். பிறகு வீட்டில் வேறு யாராவது பல்பை மாற்றக்கூடும் என்பதால், கூட்டின் உள்விளிம்பிலேயே ‘எல்இடி மட்டும்’ என்று எழுதி வைத்துவிடுகிறேன்.

எல்இடியும் சுடாமல் இல்லை. அதன் சூடு மேலே உருண்டைப் பகுதியில் தெரியாது, அடியில் கழுத்துப் பகுதியில் சேரும். காற்று போக வழியில்லாமல் கூட்டை மூடினால் தீப்பிடிக்கும் முன்பே பல்பின் ஆயுள் குறையும். மேலும் கீழும் திறந்திருக்கட்டும். பல்புக்கும் காகிதத்துக்கும் நடுவே எல்லாப் பக்கமும் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் விடுவது என் வழக்கம்.

காகித விளக்கு என்றால் நான் எப்போதும் நினைத்துக்கொள்வது சிற்பி இசாமு நோகுச்சியை. 1951ல் ஜப்பானின் கிஃபு நகரத்துக்குப் போனவர், அங்கே மூங்கில் இழைகளின் மேல் முசுக்கட்டை மரப்பட்டைக் காகிதத்தை ஒட்டி லாந்தர் செய்வதைப் பார்த்தார். அந்த முறையிலேயே மின்விளக்குகளை வடிவமைத்து ‘அகாரி’ என்று பெயரிட்டார். காகிதம் அங்கே பல்பை மறைப்பதற்காக இல்லை. ஒளியைத் தன் மேல் பரப்பிக்கொண்டு, காகிதமே விளக்காகிவிடுகிறது. நல்ல கூட்டுக்கு அளவுகோல் அதுதான். பல்பு ஒரு வெள்ளைப் புள்ளியாக உள்ளே தெரிந்தால், காகிதம் மெல்லியது அல்லது பல்பு பக்கத்தில் இருக்கிறது.

வீட்டில் செய்ய எளிய வழி, ஊதிய பலூன். நார் தெரியும் காகிதத்தைக் கையால் கிழித்து (கத்தரியால் வெட்டினால் விளிம்பு கோடுகோடாகத் தெரியும்), தண்ணீர் கலந்த மரப் பசையில் தோய்த்து, பலூன் மேல் மூன்று அடுக்கு ஒட்டுங்கள். ஒவ்வோர் அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்தது. இரண்டாவது அடுக்கு முடிந்ததும் பலூனை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பகலில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் விளக்கு எரியும்போது மேகம் மாதிரி தெரியும். மெல்லியதாகத் தெரியும் இடத்தில் மூன்றாவது அடுக்கைச் சற்றுக் கூடுதலாகப் போடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு பலூனைக் குத்தாமல் முடிச்சுப் பக்கம் சின்னதாக வெட்டி, காற்றை மெல்ல இறக்குங்கள். பட்டென்று வெடித்தால் ஒட்டிய காகிதத்தையும் உள்ளே இழுத்துவிடும்.

மாவுப் பசை வேண்டாம். பூச்சிக்கு அது விருந்து.

தகர டப்பாவில் புள்ளி புள்ளியாகத் துளை போட்ட விளக்கு பார்த்திருக்கிறேன். நான் அடித்தால் டப்பா நசுங்குகிறது.

உள்ளே பனிக்கட்டி வேண்டும். டப்பாவில் விளிம்புக்கு இரண்டு விரல் குறைவாகத் தண்ணீர் ஊற்றி, ஃப்ரீஸரில் ஓர் இரவு வையுங்கள். தண்ணீர் உறையும்போது கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். அதனால் அடித்தட்டு கொஞ்சம் உப்பும், பிறகு மரச்சுத்தியலால் தட்டிச் சரி செய்துகொள்ளலாம். காலையில் எடுத்து, மடித்த துண்டின் மேல் படுக்க வைத்து, புள்ளி வைத்த காகிதத்தை டப்பாவில் ஒட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் ஆணியை வைத்து இரண்டு அடி. முதல் அடியில் ‘டங்’ என்ற சத்தம், இரண்டாவதில் ‘சக்’ என்று ஆணி பனிக்கட்டிக்குள் இறங்கும். அந்த இரண்டாவது சத்தம் வந்ததும் நிறுத்துங்கள். இன்னும் அடித்தால் துளை பெரிதாகி, பக்கத்துப் புள்ளியோடு சேர்ந்துவிடும்.

பாதி வேலையில் பனிக்கட்டி டப்பாவின் சுவரை விட்டு விலகி உள்ளே ஆடத் தொடங்கும். அப்போது மறுபடி ஃப்ரீஸரில் வைக்க வேண்டியதுதான், அவசரப்பட்டால் அந்த இடம் நசுங்கும். முடிந்ததும் உடனே துடைத்துக் காயவிட்டு, நிறமில்லா வார்னிஷ் ஒரு பூச்சு. துளையின் ஓரத்தில் தகரத்தின் மேல்பூச்சு கிழிந்திருப்பதால் துரு அங்கேதான் தொடங்கும். உள்பக்கம் துளைகளின் விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கும், வெறும் விரலை விடாதீர்கள். இதற்குள் பேட்டரியில் எரியும் எல்இடி போதும். உலோகக் கூட்டுக்குள் வீட்டு மின்சாரத்தைக் கொண்டுபோக வேண்டாம்.

ஒயரிங் நானே செய்யலாமா?

ஹோல்டர், ஒயர், சுவிட்ச், பிளக் நான்கும் ஏற்கெனவே இணைத்து விற்கப்படும் தொகுப்பை வாங்கி, உங்கள் கூட்டை அதில் மாட்டுங்கள். ஹோல்டர் எந்த வகை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: திருகிப் போடும் இ27ன் குறுக்களவு 27 மில்லிமீட்டர், அழுத்தித் திருப்பும் பி22க்கு 22. ஒயர் மரத்திலோ உலோகத்திலோ உள்ள துளை வழியாகப் போனால், துளை விளிம்பில் ரப்பர் வளையம் போடாமல் விடாதீர்கள். விளக்கின் எடையும் ஒயரை யாராவது இழுக்கும் இழுப்பும் உள்ளே இருக்கும் இணைப்பில் விழக் கூடாது. ஒயரைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு அதற்குத்தான். விளக்கின் உடல் உலோகம் என்றால் எர்த் கட்டாயம், அந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

கொக்கி எவ்வளவு எடை தாங்கும்?

கொக்கியின் நீளத்தைப் பொறுத்தது. சுவரிலிருந்து 8 சென்டிமீட்டர் நீண்டிருக்கும் முளையின் நுனியில் 5 கிலோ துணி தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாங்கும் பலகையின் அடி விளிம்பிலிருந்து மேல் ஸ்க்ரூ 4 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அந்த ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 10 கிலோ. அதே ஸ்க்ரூ 16 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் வெறும் 2.5 கிலோ. எனவே பெரிய ஸ்க்ரூவைத் தேடுவதைவிடப் பலகையை உயரமாக்குவதும் முளையைக் குட்டையாக்குவதும் மேல். முளையைப் பத்து டிகிரி மேல்நோக்கிச் சாய்த்துப் பதித்தால் துணி வழுக்காது.

செங்கல் சுவர் என்றால் பிளக்கின் அளவிலேயே பிட்: 6 மில்லிமீட்டர் பிளக்குக்கு 6 மில்லிமீட்டர் பிட். மேல்பூச்சு மட்டுமே பிடித்தால் போதாது, பிளக் முழுதும் செங்கல்லுக்குள் இருக்க வேண்டும். உள்ளே வெற்றிடமுள்ள பலகைச் சுவருக்குப் பின்னால் விரியும் வகைப் பிளக்தான் சரி.

எவர்சில்வர் கரண்டியை வளைத்தும் கொக்கி செய்யலாம். தலைப்பகுதியில் முதலில் துளை, பிறகு வளைவு. வளைத்த பின் துளை போட முயன்றால் பிட் வழுக்கிக் கையில் இறங்கும்.

கடலோரம் ஒதுங்கிய மரத்துண்டில் கொக்கிப் பலகை செய்யலாமா?

செய்யலாம், அவசரப்படாமல். நான் அவசரப்பட்டேன். வெயிலில் வெளுத்து எலும்பு மாதிரி மின்னிய ஒரு துண்டு, எடுத்து வந்த வாரமே மாட்டிவிட்டேன். இரண்டு மாதத்தில் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் கீழே சுவரில் பழுப்புக் கோடு, மரத்தின் மேல் வெள்ளைப் பூப்பூவாக உப்பு. கழற்றினால் ஸ்க்ரூவின் கழுத்து பாதி தேய்ந்திருந்தது. மரத்துக்குள் ஊறிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிட்டது. இப்போதெல்லாம் நல்ல தண்ணீரில் மூழ்கவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, நக்கிப் பார்த்தால் கரிக்காத வரை விடுகிறேன். பிறகு நிழலில் பல வாரம் உலர்த்தல். ஸ்க்ரூவும் துருப்பிடிக்காத எஃகில்தான்.

மரக்கிளை அல்லது மூங்கிலைத் திரைச்சீலைக் கம்பியாகப் போட்டேன். நடுவில் தொய்கிறது.

ஒரே வகைத் துணி, ஒரே வகைக் கம்பி, துணி கம்பி முழுக்கத் தொங்குகிறது. நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு 16 மடங்காகும். பதிலுக்கு, கம்பியின் குறுக்களவை இரண்டு மடங்காக்கினால் தொய்வு 16ல் ஒரு பங்காகக் குறையும். நடுவில் ஒரு தாங்கி வைத்துவிட்டால் இந்தக் கணக்கு முழுதும் உங்கள் பக்கம் திரும்பிவிடும். மூங்கிலில் ஆணி அடிக்காதீர்கள், பிளந்துவிடும். துளை போட்டு ஸ்க்ரூ. மூங்கிலில் உள்ள மாவுச்சத்துக்காக வண்டு துளைக்கும், அதனால் போரிக் அமிலமும் வெண்காரமும் சேர்த்த கரைசலில் ஊறவைத்துப் பக்குவம் செய்த மூங்கிலாகப் பார்த்து வாங்குங்கள்.

முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம் செய்ய ஆசை.

முதலில் எடையைக் கணக்குப் போடுங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ. 60க்கு 90 சென்டிமீட்டர், 4 மில்லிமீட்டர் கண்ணாடி 5.4 கிலோ வரும். அதோடு சட்டத்தின் எடை. சட்டத்தின் இரு பக்கமும் தனித்தனிப் பிடி வையுங்கள், ஒற்றை ஆணியை நம்ப வேண்டாம். பின்பக்கம் சிலிக்கோன் தடவுவதாக இருந்தால் வினிகர் வாடை வருகிற வகையைத் தவிருங்கள். அந்த அமிலம் ரசத்தை அரித்து, ஓரத்திலிருந்து கறுப்பாகப் படரும். ‘நியூட்ரல்’ என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

கயிற்று முடிச்சுத் தொங்கல் அலமாரிக்கு எவ்வளவு கயிறு வேண்டும்?

முடிந்த நீளத்தைப் போல நான்கு மடங்கு. நடுவில் மடித்து மாட்டுவதானால் எட்டு மடங்கு. குறைந்துபோனால் நடுவில் ஒட்டுப்போட முடியாது, தாராளமாகவே வெட்டுங்கள்.

குளியலறைக்கு எது தாங்கும்?

செம்புக் குழாயில் செய்த துண்டுக் கம்பி எனக்கு ரொம்பப் பிடித்தது. நாளாக ஆகப் பழுப்பேறி, கை படும் இடம் மட்டும் பளபளவென்று இருக்கும். அதை நாகப்பூச்சுள்ள சாதாரண ஸ்க்ரூவால் பிடிக்காதீர்கள். ஈரத்தில் செம்போடு சேரும்போது அந்த ஸ்க்ரூதான் அரிக்கும். பித்தளை ஸ்க்ரூ போடுங்கள். மரம் என்றால் எண்ணெய் பூசி, வருடம் ஒருமுறை மறுபூச்சு. ஆளி விதை எண்ணெய் பூசினால் ஓர் எச்சரிக்கை: அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. காயும்போது அது தானே சூடாகும், சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கினால் நெருப்பு வைக்காமலேயே பற்றிக்கொள்ளும். வெளியே ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

எந்தப் பொருளை எதுவாக மாற்றுவது என்று எனக்குத் தோன்றவே மாட்டேன் என்கிறது.

இத்தாலியின் கஸ்திலியோனி சகோதரர்கள் 1962ல் ‘தோயோ’ என்றொரு நிற்கும் விளக்கு செய்தார்கள். தலையில் இருப்பது காரின் முகப்பு விளக்கு. ஒயரைத் தண்டோடு பிடித்திருப்பவை தூண்டில் கோலின் வளையங்கள். நூலை வழிநடத்தச் செய்த வளையத்துக்கு ஒயரை வழிநடத்துவதும் அதே வேலைதான். பொருளின் பெயரை மறந்துவிட்டு அது என்ன செய்கிறது என்று மட்டும் பாருங்கள்: பிடிக்கிறதா, தொங்குகிறதா, சுழல்கிறதா, ஒளியை விடுகிறதா. நூல்கண்டுக் கட்டை பிடிக்க வாகானது, அப்படியானால் குமிழாகும். சல்லடை ஒளியை விடுகிறது, கூடாகும்.

வாடகை வீட்டில் இருக்கிறேன்.

குமிழ், விளக்குக் கூடு, திரைச்சீலைக் கம்பி மூன்றையும் புதுத் துளை இல்லாமலே மாற்றலாம். கழற்றிய பழையவற்றை அவற்றின் ஸ்க்ரூவோடு சேர்த்து, எந்த அறை, எந்த இழுப்பறை என்று எழுதிய பையில் போட்டு, அதே அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள். ஸ்க்ரூவைத் தனியாக எடுத்து வைத்தால், காலி செய்யும் நாளில் குமிழ் கிடைக்கும், ஸ்க்ரூ கிடைக்காது.